இரண்டு சப்வூஃபர், ஒரு மோனோ ஆம்ப்: பாட்டு நடுவில் பேஸ் நின்றுபோன வண்டி

வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக். டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி. அதில் பேஸுக்கென்றே 12 அங்குல சப்வூஃபர் இரண்டு, நடுவில் தடுப்புப் பலகை. ஒவ்வொரு வூஃபரிலும் இரண்டு வாய்ஸ் காயில் (வூஃபரை ஆட்டும் கம்பிச்சுருள்), காயிலுக்கு 4 ஓம். கடைகளில் ‘டூயல் 4’ என்று சொல்லி விற்பது இதைத்தான். வூஃபர் ஒன்று தொடர்ந்து தாங்கக்கூடியது 300 வாட். இரண்டையும் ஓட்ட ஒரு கிளாஸ் டி மோனோ ஆம்ப், அதாவது ஒரே சேனல் உள்ள ஆம்ப்ளிஃபையர். அதன் அட்டைப்பெட்டியில் 1500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில்தான் உண்மையான கணக்கு இருந்தது: 4 ஓமில் 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடியது), 2 ஓமில் 500 வாட் ஆர்.எம்.எஸ்., 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

வண்டியைக் கொண்டுவந்தவர் பெரம்பூர்ப் பக்கத்து இளைஞர். அவர் சொன்னது இது: “அண்ணா, ஒரு பத்து நிமிஷம் நல்லா போவும். அப்புறம் பேஸ் மட்டும் பட்டுனு நின்னுடும். ஆம்ப்ல ரெட் லைட் எரியும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப வரும். இது ரெண்டாவது ஆம்ப். மொதல்ல போட்டது மொத்தமா போயிடுச்சு.” மதியம் சீக்கிரம் நிற்கிறது, ராத்திரியில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “ரெண்டு வூஃபர் போட்டும் பேஸ் பத்தலண்ணா. ஃபிரெண்டு வண்டில ஒரே வூஃபர்தான், அதுவே இதவிட நல்லா அடிக்குது.”

ஆம்ப் கட் ஆவதுதான் புகார், பேஸ் பத்தாதது ரசனை விஷயம் என்று இரண்டாவதைத் தள்ளிவிடுவது வழக்கம். இந்த வண்டியில் முதல் புகாருக்கு வழி அந்த இரண்டாவது புகாருக்குள்ளேதான் இருந்தது.

ஆம்பா, லோடா

சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்பைக் கழற்றி அடுத்ததை மாட்டுவது நம் ஊரில் சகஜம். இந்த வண்டிக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை செய்திருந்தால் ஓர் ஆம்பின் விலை மிஞ்சியிருக்கும். ஸ்பீக்கர் ஒயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, பவர், எர்த், ரிமோட் (ஆம்பை ஆன் செய்யும் சிறு ஒயர்) மூன்றை மட்டும் விட்டு ஆம்பை ஆன் செய்ய வேண்டும். அப்போதும் சிவப்பு எரிந்தால் கோளாறு ஆம்புக்குள்ளே. பச்சை எரிந்து, ஸ்பீக்கரை மாட்டியபின் மட்டும் சிவப்பு வந்தால், ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். கோளாறு லோடிலோ (ஆம்ப் ஓட்டும் வூஃபர்கள், அவற்றின் வயரிங்), பவர் ஒயரிலோ, சூட்டிலோ இருக்கும்.

இங்கே பச்சை எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. ஆக, இரண்டாவது ஆம்ப் நல்ல ஆம்ப்.

அடுத்தது மல்டிமீட்டர். குறைந்த ஓமை அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பார்க்க வேண்டும். என் மீட்டரில் அப்போது 0.2 காட்டியது. அது மீட்டர் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ். அளக்கும் எண்ணிலிருந்து கழித்துவிட வேண்டும். 40 ஓம் அளக்கும்போது 0.2 ஒரு பொருட்டில்லை. 1 ஓம் அளக்கும் இடத்தில் அதுவே ஐந்தில் ஒரு பங்கு.

இடது வூஃபரின் ஒயர் முனைகளில் கழித்ததுபோக 1.8. வலதிலும் 1.8. டூயல் 4 வூஃபரின் இரண்டு காயிலையும் பாரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ்) கட்டினால் 2 ஓம் வரும். மீட்டர் காட்டுவது டி.சி. ரெசிஸ்டன்ஸ் என்பதால் பெயரளவு எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும், எனவே 1.8 சரியான எண். காயில் எதுவும் கருகவில்லை, அறுந்தும் போகவில்லை.

இந்த இடது வூஃபர் ஆம்பின் முதல் ஜோடி டெர்மினலுக்கும், வலது வூஃபர் இரண்டாவது ஜோடி டெர்மினலுக்கும் போயிருந்தது. பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. இருந்தாலும் உறுதிசெய்ய, ஒயர் கழற்றிய ஆம்பில் மீட்டரின் ஒரு முனையை முதல் ஜோடியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை இரண்டாவது ஜோடியின் பிளஸ்ஸிலும் வைத்தேன். பூஜ்யம். மைனஸ்ஸுக்கு மைனஸ்ஸும் பூஜ்யம்.

பெரும்பாலான மோனோ ஆம்ப்களில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் டெர்மினல் இருக்கும். ஒரே தொட்டியில் இரண்டு குழாய் வைத்ததுபோல, இரண்டும் உள்ளே ஒரே இடத்தில் சேர்பவை. இரண்டு வூஃபர் மாட்டுகிறவருக்கு ஒயர் செருக வசதி, அவ்வளவுதான். அவை தனித்தனி சேனல் அல்ல. இரண்டு ஜோடியிலும் ஆளுக்கொரு 2 ஓம் மாட்டினால் அவை தாமாகவே பாரலல் ஆகி, ஆம்ப் பார்ப்பது 1 ஓம். 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாத ஆம்புக்கு 1 ஓம்.

முன்பு வயரிங் செய்தவர் கணக்குப் போடாமல் செய்யவில்லை. ஆம்புக்கு 2 ஓம் வேண்டும் என்று தெரிந்தே ஒவ்வொரு வூஃபரையும் 2 ஓம் ஆக்கியிருக்கிறார். வேலை சுத்தமாகவும் இருந்தது. முனைகளில் லக் வைத்து அழுத்தி, ஸ்லீவ் போட்டிருந்தார். இரண்டு ஜோடி டெர்மினலும் ஒன்றுதான் என்ற ஒரு தகவல் மட்டும் அவரிடம் இல்லை. அந்த ஒரு தகவலுக்காக ஓர் ஆம்ப் போயிருக்கிறது.

1 ஓம் ஆம்பை என்ன செய்கிறது

500 வாட்டை 2 ஓமில் கொடுக்க ஆம்ப் ஏறத்தாழ 31.6 வோல்ட் தர வேண்டும். அப்போது ஸ்பீக்கர் ஒயரில் ஓடும் கரண்ட் 15.8 ஆம்பியர். அதே வோல்ட்டேஜை 1 ஓம் மேல் வைத்தால் கரண்ட் 31.6 ஆம்பியர், சக்தி 1000 வாட். அவுட்புட் மாஸ்ஃபெட்களும் (ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் டிரான்ஸிஸ்டர்கள்) உள்ளே இருக்கும் பவர் சப்ளையும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், கரண்ட் இரட்டித்தால் அந்த டிரான்ஸிஸ்டர்களில் சூடு நான்கு மடங்கு.

அப்படியானால் ஆன் செய்த உடனே ஏன் போகவில்லை? வூஃபரில் எழுதியிருக்கும் ஓம் நிலையான எண் அல்ல. பாட்டின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். பெட்டியின் ரெசொனன்ஸ் (அது தானாகவே அதிரும் அதிர்வெண்) அருகே பல மடங்கு ஏறும், வேறு இடங்களில் மறுபடி பெயரளவு எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பாட்டும் இடைவிடாமல் ஒரே சக்தியைக் கேட்பதில்லை. பறை, தவில் மாதிரி அடித்து உடனே அடங்கும் தாளத்தில் இந்த ஆம்ப் தாங்கியது. நீண்டு இழுக்கும் எலக்ட்ரானிக் பேஸ் வந்த பாட்டுகளில் சீக்கிரமே விழுந்தது. “சில பாட்டுக்கு மட்டும் கட் ஆவுதுண்ணா, பாட்டுல எதனா பிரச்சினையா?” என்று அந்தத் தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் இதுதான்.

மதிய நேரத்து வேறுபாட்டுக்கும் இதே காரணம். அக்னி நட்சத்திர வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டிக்கிக்குள் ஆம்ப் ஓடத் தொடங்கும் முன்னரே அதன் உடம்பு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். கட் ஆகும் சூட்டை எட்ட மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். போதாக்குறைக்கு ஆம்பைப் பெட்டியின் பின்பக்கம் திருகி, மேலே கார்பெட் மூடி போட்டிருந்தார்கள். சூடு வெளியே போக வழியே இல்லை.

எதிரெதிரே ஆடிய இரண்டு கோன்

லோடு கணக்கு ஆம்ப் ஏன் விழுகிறது என்பதைச் சொல்லிவிட்டது. பேஸ் ஏன் பத்தவில்லை என்பதைச் சொல்லவில்லை. ஆபத்தான லோடுதான், ஆனாலும் விழும்வரை இரண்டு 12 அங்குல வூஃபர் பின்சீட்டை உதற வேண்டும்.

இதற்கு மீட்டர் வேண்டாம், சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். வூஃபரின் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றி, பிளஸ் ஒயரைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மைனஸ்ஸை மைனஸ்ஸிலும் ஒரு நொடி தொட வேண்டும். கோன் (வூஃபரின் முகத்தில் ஆடும் கூம்பு) வெளியே தள்ளினால் இணைப்பு சரி. உள்ளே இழுத்தால் எங்கோ மாறியிருக்கிறது. கோனின் மேல் லேசாக விரலை வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும்.

இடது வூஃபர் வெளியே வந்தது. வலது உள்ளே போனது.

பெட்டியின் வலது பக்க டெர்மினலைத் திறந்து பார்த்தால், உள்ளே போகும் ஒயரில் கோடு போட்ட பக்கத்தை மைனஸ் என்று வைத்திருந்தார்கள். வெளியே ஆம்புக்குப் போகும் ஒயரில் அதே கோட்டைப் பிளஸ் என்று எடுத்திருந்தார்கள். ஒரே நிற ஒயர், ஒரே கோடு, இரண்டு அர்த்தம். ஒரு வூஃபர் காற்றைத் தள்ளும்போது பக்கத்திலேயே மற்றொன்று இழுக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் அலை பல மீட்டர் நீளம். 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 7 மீட்டர். ஓர் அடி இடைவெளியில் இருக்கும் இரண்டு கோன் எதிரெதிரே ஆடினால் பெருமளவு பேஸ் காருக்குள் வருவதற்கு முன்பே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒற்றை வூஃபர் வைத்த நண்பரின் வண்டி இதைவிட நன்றாக அடித்ததில் வியப்பில்லை.

டூயல் காயில் வூஃபரில் இதைவிடக் கொடுமையான ஒன்றும் நடக்கலாம்: ஒரே வூஃபருக்குள் ஒரு காயில் நேராகவும் மற்றது தலைகீழாகவும் கட்டப்படுவது. அப்போது கோன் கிட்டத்தட்ட அசையாது; சத்தமாகப் போக வேண்டிய சக்தியெல்லாம் காயிலிலேயே சூடாகத் தங்கிவிடும். மீட்டரில் ஓம் சரியாகவே காட்டும் என்பதால் கண்டுபிடிக்கவும் கஷ்டம். அதனால் நாலு காயிலையும் தனித்தனியே கழற்றி, ஒவ்வொன்றிலும் அதே பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். உள் இணைப்புகள் சரியாகவே இருந்தன.

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்லலாம். ஃபேஸ் (கோன்கள் ஆடும் திசை) மாறியதால் பேஸ் வரவில்லை. வரவில்லை என்பதால் ஆம்பின் கெயின் திருகை முழுக்கத் திருப்பியிருக்கிறார்கள், பேஸை மட்டும் ஏற்றும் பேஸ் பூஸ்ட்டையும் முழுக்க வைத்திருக்கிறார்கள். அந்த ஆம்பில் பூஸ்ட் 12 டெசிபல் வரை போகும். அந்தக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆம்பிடம் ஏறக்குறைய 16 மடங்கு சக்தி கேட்பதற்குச் சமம். ஆம்ப் கொடுக்க முடிந்த எல்லையை அலை முட்டி, மேலும் கீழும் தட்டையாக வெட்டுப்பட்டு, காயில்களுக்கு ஓய்வில்லாமல் போயிருக்கிறது. இத்தனையும் 1 ஓம் லோடின் மேல். ஃபேஸ் மட்டும் சரியாக இருந்திருந்தால் கெயினை அவ்வளவு ஏற்றத் தேவையே இருந்திருக்காது, முதல் ஆம்ப் இன்னும் சில மாதம் ஓடியிருக்கலாம். லோடு மட்டும் சரியாக இருந்திருந்தால் ஆம்ப் பிழைத்திருக்கும், பேஸ் மட்டும் வந்திருக்காது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன.

பேட்டரியிலிருந்து டிக்கி வரை

பவர் ஒயரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, இன்ஜின் ஐடிலில் இருக்க, பேட்டரி முனையில் அளந்தால் 13.1 வோல்ட். அதே நேரம் ஆம்பின் பவர் டெர்மினலில் 11.3. நடுவில் 1.8 வோல்ட் காணாமல் போகிறது. எங்கே என்று பிரித்துப் பார்த்தேன்: பாசிட்டிவ் ஒயரில் 1.1, எர்த் பக்கத்தில் 0.7.

ஒயரின் மேல் 8 கேஜ் என்று அச்சடித்திருந்தது (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்). ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம். செம்பு பூசிய அலுமினியம். இதன் ரெசிஸ்டன்ஸ் அதே தடிமன் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எர்த் ஒயரை டிக்கித் தரையில் பெயிண்ட்டைச் சுரண்டாமலே திருகியிருந்தார்கள். ஸ்க்ரூவின் மரை பட்ட இடத்தில் மட்டும் தொடர்பு. அந்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி லேசாகத் துருவும் பிடித்திருந்தது.

என்னைப் பதற வைத்தது ஃப்யூஸ். 100 ஆம்பியர் ஃப்யூஸ், அதுவும் பின்சீட்டுக்கு அடியில், ஆம்புக்குப் பக்கத்தில். ஃப்யூஸ் இருப்பது ஆம்பைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. பேட்டரியிலிருந்து பின்சீட் வரை நாலு மீட்டர் ஒயர் எந்தக் காவலும் இல்லாமல் ஓடுகிறது. வழியில் ஓரிடத்தில் உறை தேய்ந்து பாடியில் பட்டால், பேட்டரி தன்னால் முடிந்த நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் அந்த ஒயரில் கொட்டும். கார்பெட்டுக்கு அடியில் ஒயர் நெருப்பாகும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டின் ஓட்டையில் ரப்பர் கிரோமெட்டும் இல்லை, தகட்டின் கூர் விளிம்பில் ஒயர் உரசிக்கொண்டிருந்தது. பேஸ் பத்தாதது, ஆம்ப் கட் ஆவது எல்லாம் காத்திருக்கக்கூடிய விஷயங்கள். இதைப் பார்த்ததும் முதலில் செய்தது பேட்டரியில் ஒயரைக் கழற்றியதுதான்.

நாலு காயிலால் 2 ஓம் ஆகாது

“அப்போ 2 ஓம் ஆக்கி மாட்டிடுங்கண்ணா, 500 வாட் வரட்டும்” என்றார். நியாயமான ஆசை. ஆனால் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

4 ஓம் காயில் நாலு இருக்கிறது. நாலுக்கும் சம பங்கு போகும்படி கட்டினால் வருவது மூன்றே எண். எல்லாம் பாரலல்: 1 ஓம். எல்லாம் சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக): 16 ஓம். இரண்டிரண்டாகச் சீரிஸில் சேர்த்து அந்த இரண்டு ஜோடியையும் பாரலல் செய்தால் 4 ஓம்; இரண்டிரண்டாகப் பாரலலில் சேர்த்து அவற்றைச் சீரிஸ் செய்தாலும் அதே 4 ஓம். நடுவில் 2 கிடையாது. இதுவே ‘டூயல் 2’ வூஃபர் இரண்டாக இருந்தால் கிடைப்பவை அரை ஓம், 2 ஓம், 8 ஓம். இந்த ஆம்புக்கு வாங்கியிருக்க வேண்டியது அதுதான். அல்லது 4 ஓம் ஒற்றைக் காயில் வூஃபர் இரண்டு; பாரலலில் நேராக 2 ஓம்.

வூஃபர் வாங்கும்போது எல்லாரும் அங்குலத்தைக் கேட்கிறோம், வாட்டைக் கேட்கிறோம். காயிலின் ஓமைக் கடைசியில்தான் கேட்கிறோம், அல்லது கேட்பதே இல்லை. டூயல் 2, டூயல் 4 இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில், ஒரே விலையில், ஒரே தோற்றத்தில் இருக்கும். எத்தனை வூஃபர், ஆம்பின் குறைந்தபட்ச ஓம் என்ன, இந்த இரண்டும் முடிவான பிறகு காயில் எது என்பது தானாகவே முடிவாகிவிடும். பணம் கொடுத்த பிறகு ஒயரை எப்படி மடக்கிக் கட்டினாலும் வராத எண் வராது. இந்த வண்டியில் கோளாறு தொடங்கியது டிக்கியில் அல்ல, கடையின் கவுண்ட்டரில்.

புதிதாக எதுவும் வாங்க அவரிடம் காசில்லை. நானும் வாங்கச் சொல்லவில்லை. 4 ஓம், 300 வாட், வூஃபருக்கு 150 என்று முடிவு செய்தோம். முகம் வாடிவிட்டது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 500 வாட்டுக்கும் 300 வாட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 2.2 டெசிபல். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் காதுக்குத் தெரியும். அதே 300 வாட்டை ஒற்றை வூஃபருக்குக் கொடுப்பதைவிட இரண்டு வூஃபருக்குப் பிரித்துக் கொடுத்தால், இரண்டும் ஒரே திசையில் ஆடும்போது 3 டெசிபல் அளவுக்குக் கூடுதலாகவே கிடைக்கும். காயிலும் அவ்வளவு சூடாகாது.

4 ஓமுக்கு இரண்டு வழி என்றேன். நான் தேர்ந்தெடுத்தது: ஒவ்வொரு வூஃபருக்குள்ளும் காயில்கள் சீரிஸ், அதாவது 8 ஓம், பிறகு இரண்டு வூஃபரும் பாரலல். ஆம்பின் பார்வையில் இரண்டு வழியும் ஒன்றுதான். வித்தியாசம் கெட்டுப்போகும் நாளில் தெரியும். இந்த வழியில் ஒரு காயில் அறுந்தால் அந்த வூஃபர் மட்டும் ஊமையாகும். ஆம்ப் 8 ஓமைப் பார்த்து நிம்மதியாக ஓடும், எது போயிற்று என்று கையை வைத்தே சொல்லலாம். மற்ற வழியில், ஒரு வூஃபரில் ஒரு காயில் அறுந்தால் அந்தப் பக்கம் 2 ஓம் 4 ஆகிவிடும். சீரிஸில் அதிக ஓம் இருக்கும் பக்கத்துக்குத்தான் அதிக சக்தி போகும் என்பதால், மிச்சம் இருக்கும் அந்த ஒற்றைக் காயிலின் தலையில் சுமை ஏறும். இரண்டு ஜோடி டெர்மினல் இருக்கும் ஆம்பில் வூஃபருக்கு ஒரு ஜோடி என்று மாட்டவும் முதல் வழிதான் தோது.

காயில்களைச் சீரிஸ் செய்வது எளிது. முதல் காயிலின் மைனஸ்ஸையும் இரண்டாவது காயிலின் பிளஸ்ஸையும் ஒரு துண்டு ஒயரால் இணைக்க வேண்டும். மிஞ்சும் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் வெளியே வரும். கட்டி முடித்து அளந்தால் வூஃபருக்கு 7.2, இரண்டும் சேர்ந்து 3.6. அதன் பிறகு மறுபடி 1.5 வோல்ட் பேட்டரி: இரண்டு கோனும் ஒன்றாக வெளியே வந்தன.

பவர் ஒயர் 4 கேஜ் சுத்தச் செம்பாக மாறியது. பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் 60 ஆம்பியர் ஃப்யூஸ். ஆம்பின் சொந்த ஃப்யூஸ்கள் 30, 30 என்பதால் அதற்குமேல் தேவையில்லை. ஃபயர்வாலில் கிரோமெட். எர்த்துக்குப் புது இடம், பளபளக்கும் தகடு தெரியும்வரை பெயிண்ட் சுரண்டி, போல்ட், நட்டு, பல் வாஷரோடு முடுக்கி, மேலே கிரீஸ். கடலோர ஊரில் அந்தக் கிரீஸைத் தவிர்க்க முடியாது. ஆம்ப், பெட்டியிலிருந்து இறங்கி டிக்கியின் பக்கவாட்டில் மரப்பலகை மேல் உட்கார்ந்தது. கார்பெட் மூடி திரும்பப் போகவில்லை.

கெயின் செட் பண்ணியது

கெயின் என்பது வால்யூம் திருகு என்று நினைப்பதால்தான் பாதி வூஃபர்கள் கருகுகின்றன. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கும் ஆம்பின் முழுத் திறனுக்கும் பொருத்தம் பார்ப்பது மட்டுமே அதன் வேலை. வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட்டேஜ் வரும். 300ஐ 4ஆல் பெருக்கினால் 1200, வர்க்கமூலம் 34.6.

வூஃபர் ஒயர்களைக் கழற்றி, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவில் ஈக்வலைசரைச் சமமாக்கி, வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்பின் அவுட்புட்டில் ஏ.சி. வோல்ட் அளந்தபடியே கெயினை மெதுவாக ஏற்ற வேண்டும். நம் வீட்டுக் கரண்ட்டும் 50 ஹெர்ட்ஸ்தான். சாதாரண மீட்டர்கூட அந்த அதிர்வெண்ணைச் சரியாக அளக்கும். 33 வோல்ட்டில் நிறுத்தினேன். திருகு பாதிகூடத் திரும்பியிருக்கவில்லை. முன்பு அது முழுக்க வலதுபக்கம் முட்டிக்கொண்டிருந்தது. லோ பாஸ் (அதற்கு மேலான சத்தத்தைக் குறைக்கும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ்.

ஒயரை மாட்டி முதல் பாட்டுப் போட்டபோது அவர் டிரைவர் சீட்டில் இருந்தார். ரியர் வியூ மிரர் நடுங்கியது. “அண்ணா, வாட்ஸ கொறச்சேன்னு சொன்னீங்க?” என்றார். குறைத்தது உண்மை. முன்பு அழிந்துபோய்க்கொண்டிருந்த பேஸ் இப்போது காருக்குள் வருகிறது.

அதே டோனில் மறுபடி அளந்தால், பேட்டரியில் 13.5, ஆம்பில் 13.3. அடுத்த ஞாயிறு மதியம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினார், ஒரு தடவையும் கட் ஆகவில்லை. கிளம்பும் முன் பெட்டியின் உட்பக்கம் மார்க்கரால் ‘வூஃபர் ஒன்றுக்கு 8, மொத்தம் 4 ஓம்’ என்று எழுதியிருந்தேன். அடுத்துத் திறப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை. அவர் தெரு குறுகலானது, ஒட்டி ஒட்டி வீடுகள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருமுனையிலேயே வூஃபரை அணைத்துவிட்டு வரச் சொல்லி, ஆம்பின் ரிமோட் ஒயரில் ஒரு சின்ன ஸ்விட்சும் வைத்துக் கொடுத்தேன்.

செத்துப்போனதாக வீட்டில் கிடந்த முதல் ஆம்பையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதுவும் 2 ஓம் வரை தாங்கும் 500 வாட் மோனோ. ஸ்பீக்கர் ஒயர் எதுவுமே இல்லாமல் சிவப்பு எரிந்தது. மூடியைக் கழற்றி அளந்தால் அவுட்புட் மாஸ்ஃபெட் இரண்டில் டிரெயின், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கும் இடையே முழு ஷார்ட். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அவை கிடைக்கும். ஆனால் ஷார்ட் ஆன இரண்டை மட்டும் மாற்றினால் போதாது, அந்த வரிசை முழுவதையும் கேட் ரெசிஸ்டர்களோடு சேர்த்து மாற்றினால்தான் நிற்கும். மாற்றிக் கொடுத்தேன். அதைத் தன் தம்பி வண்டிக்கு ஒற்றை வூஃபரோடு போடப்போவதாகச் சொன்னார். சில நாள் கழித்துக் கடையில் நின்றுகொண்டே போன் செய்தார்: “அண்ணா, ஒரே வூஃபர், 2 ஓம் ஆம்ப். டூயல் 4 வாங்கி ரெண்டு காயிலையும் பாரலல் பண்ணா 2 வருதுல்ல? டூயல் 2 வாங்குனா ஒண்ணு இல்லன்னா நாலுதான் வரும், கரெக்டா?” கரெக்ட் என்றேன். 500 வாட் தொடர்ந்து தாங்குகிறதா என்று தாளில் பார்த்து, டூயல் 4 ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.